பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

வாசகர் கடிதம்:

"ஐயா, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பாவுக்கு வயது 74. 1989இலிருந்து உரிமத்தோடு ஒரு 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். போன ஆடியில் அம்மா தவறிவிட்டார். அப்பா தனியாக இருக்கக் கூடாதென்று துபாய் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். பையனுக்கு 11, பெண்ணுக்கு 6. துப்பாக்கி அப்பா அறைக் கதவுக்குப் பின்னால் தோல் உறையில் ஆணியில் தொங்குகிறது. தோட்டாக்கள் பரணில், ஒரு பழைய பிஸ்கட் டின்னில். 25 வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. 'தோப்புல பன்றியை விரட்ட ரெண்டோ மூணோ போட்டேன்' என்கிறார் அப்பா. டின்னில் 19தான் இருக்கிறது. சிலவற்றில் பித்தளை பச்சை பூத்திருக்கிறது. அடுத்த மாதம் கண் ஆபரேஷனுக்காக அப்பா மதுரையில் பத்து நாள் தங்க வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்றால், 'சாவியை நீயே வச்சுக்கடா, எனக்கு எதுவும் ஞாபகம் இருக்க மாட்டேங்குது' என்கிறார். துப்பாக்கியை எப்படி வைப்பது? சட்டப்படி சாவியை நான் வைத்துக்கொள்ளலாமா?"

பதில்:

தம்பி, துப்பாக்கி வைத்திருக்கிற வீடுகளிலிருந்து வருகிற கடிதங்களில் பெரும்பாலும் எந்த லாக்கர் நல்லது, எந்த எண்ணெய் நல்லது என்றுதான் கேட்பார்கள். நீங்கள் சாவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆயுதப்படையில் 31 வருடம் ஆர்மரராக, அதாவது கிடங்கில் துப்பாக்கிகளைப் பராமரிப்பவராக இருந்தவன் நான். கிடங்கில் பூட்டு உடைந்து பிரச்சினை வந்ததாக எனக்கு ஒருநாளும் நினைவில்லை. வந்த பிரச்சினை எல்லாம், சாவி யார் கையில் இருந்தது என்பதில்தான் வந்தது. உங்கள் சாவிக்கு வருகிறேன். அதற்கு முன் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அந்த ஆணியிலிருந்து துப்பாக்கியை இறக்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாகப் பாருங்கள். உரிமம் அப்பா பெயரில்தானே இருக்கிறது, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். குழலின் வாய் வெட்டவெளியில் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும், விசைப் பக்கம் யார் விரலும் போகக் கூடாது. மேலே இருக்கிற நெம்பியைத் தள்ளி, குழலை மடக்கித் திறந்தால் இரண்டு அறையும் தெரியும். கண்ணால் பார்ப்பதோடு விடாமல், அப்பா சுண்டுவிரலை இரண்டு அறையிலும் விட்டுத் தடவிப் பார்க்கட்டும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிற கண்ணை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

'காலியாத்தான் இருக்கு' என்ற வார்த்தையை நான் ஒருமுறை நம்பினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். மூத்தவர் ஒருவர் 'காலிதான், துடைச்சு வை' என்று ஒரு துப்பாக்கியை நீட்டினார். பெரியவர் சொல்லிவிட்டார், திறந்து பார்த்தால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று எனக்கு ஒரு அசட்டுத் தயக்கம். வாசலில் இருந்த மணல் வாளிப் பக்கம் குழலைத் திருப்பி விசையை இழுத்தேன். வாளி பிய்ந்தது. மணல் முகத்தில் அடித்தது. மூன்று நாள் காதில் வண்டு ரீங்காரம். வாளிப் பக்கம் திருப்பும் பழக்கம் மட்டும் இருந்ததால் இன்று உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து என் அப்பாவே வந்து காலி என்று சொன்னாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபேச்சு.

திறந்ததும் பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. குளவி! மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்குகிற குழல் அதற்குக் கட்டி வைத்த வீடு மாதிரி. சுண்டுவிரல் நீளத்துக்கு மண் உருளை ஒன்றைப் பூசி, உள்ளே புழுவை அடைத்து, வாயை மூடிவிட்டுப் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதைக் கவனிக்காமல் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், ரவையும் புகையும் போக வழியில்லாமல் குழல் பக்கவாட்டில் வாழைப்பூ மாதிரி விரியும். இடது கை எங்கே பிடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடைப்பு தெரிந்தால் கம்பியை விட்டு நோண்ட வேண்டாம். மரக்கோலில் துணி சுற்றிப் பின்பக்கமிருந்து தள்ளினால் மண்கூடு உதிர்ந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும் இதற்குக் கூடாது. பழுது பார்க்கிறேன் என்று யாராவது குழல் நுனியை அரை அங்குலம் அறுத்துவிட்டால், குழலைக் குட்டையாக்கிய குற்றம் தனியாக வந்து சேரும்.

அடுத்தது அந்தத் தோல் உறை. துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகும்போது மூடிக்கொள்ள உறை வேண்டும். வீட்டில் வைப்பதற்கு அது எதிரி. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும். அதற்குமேல் நம் ஊர்க் காற்று. உச்சிப்புளியில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் என்கிற மேல்காற்று அடித்தாலும் உப்பு வந்தே தீரும். ஒரு பயிற்சிக் காவலர் வியர்வைக் கையோடு குழலைப் பிடித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய கட்டைவிரல் ரேகை, சுழி தெரிகிற அளவுக்குத் துருவாக எழும்பி நின்றது. கைரேகை நிபுணரே தேவைப்படவில்லை. ஆகவே தொட்டால் துடைக்க வேண்டும். சுத்தமான பருத்தித் துணியில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய், கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் முதலில் கை வரும். நாள்பட்டால் பிசின் மாதிரி இறுகி விசையின் உள்வேலையை ஒட்ட வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறையும் மற்ற நாளில் மாதம் ஒருமுறையும் எடுத்துத் துடைத்தால் போதும். துடைப்பதும் அப்பா கண்முன் நடக்கட்டும்.

சரி, எங்கே வைப்பது? உங்கள் வீட்டு இரும்பு பீரோ போதும், புதிதாக லாக்கர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கடல்காற்று படுகிற வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். அந்தச் சுவர் மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும். உள் அறைச் சுவரில் போல்ட் அடித்து, பீரோவை அசைக்க முடியாதபடி பிணைத்துவிடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள். நீல மணி வெளுத்து இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டும்.

இரட்டைக்குழலில் ஒரு பெரிய வசதி, அதை எளிதாக மூன்றாகப் பிரித்துவிடலாம். முன்கட்டை, குழல், பின்கட்டை. பிரித்து, குழலை பீரோவின் உள் லாக்கரிலும் கட்டையை வேறு தட்டிலும் வையுங்கள். உள் லாக்கருக்குக் குழல் நீளமாக இருந்தால், ஒரு ஆசாரியிடம் சொல்லி நீளப் பெட்டி ஒன்று செய்து அதற்குத் தனிப் பூட்டு போடுங்கள். பையன் எப்படியோ பீரோவைத் திறந்துவிட்டாலும் அவன் கையில் சிக்குவது ஒரு கட்டைத் துண்டாகத்தான் இருக்கும். பிரித்துவிட்டால் அது துப்பாக்கி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். ஒவ்வொரு துண்டும் பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில், வேறு சாவியில் இருக்கட்டும். சமையலறைப் பக்கமும் கேஸ் சிலிண்டர் இருக்கிற மூலையும் கூடாது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் அடியில் இருக்கிற பரணும் கூடாது. சித்திரை வெயிலில் அது அடுப்பு. வீடு தீப்பிடித்தால் தோட்டா எல்லாம் எட்டுத் திசையும் பறந்து ஆளைக் கொல்லும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. குழலுக்கு வெளியே இருக்கிற தோட்டா சூட்டில் வெடித்தால் ஓடு கிழியும், பித்தளைத் துணுக்கு தெறிக்கும், அவ்வளவுதான். குழலுக்குள் ஏற்றி வைத்திருக்கிற தோட்டா வெடித்தால் அது யாரோ விசையை இழுத்த மாதிரியே சுடும். 'திருடன் வந்தா உடனே எடுக்கணும்ல' என்று ஏற்றியே வைத்திருக்கிற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்கள் அப்பா அப்படி இல்லை என்றால் நல்லது, இன்று திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. ஒளித்து வைப்பது பூட்டி வைப்பதாகாது. என் தங்கை வீட்டில் பீரோ சாவியை அரிசி டிரம்மில் புதைத்து வைப்பார்கள். மருமகனுக்கு அப்போது ஏழு வயது. 'மாமா, சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், ஆனா அம்மாவுக்கு எனக்குத் தெரியும்னு தெரியாது' என்று என் காதில் வந்து சொன்னான். உங்கள் பையன் பதினொன்று. அந்த பிஸ்கட் டின்னை அவன் ஏற்கெனவே திறந்து பார்த்திருப்பான் என்று வைத்துக்கொண்டே பேசுவோம். மிரட்டாமல் கூப்பிட்டு உட்கார வைத்து, தாத்தாவே அதைப் பற்றிச் சொல்லட்டும். துப்பாக்கியையோ தோட்டாவையோ எங்கே பார்த்தாலும் தொடாதே, அங்கிருந்து நகர்ந்து பெரியவர்களிடம் வந்து சொல், சொன்னால் அடி விழாது. இதற்குமேல் அவனுக்குப் பாடம் வேண்டாம்.

இப்போது சாவி. ஆயுத உரிமம் வீட்டுக்கோ தோப்புக்கோ கொடுப்பதில்லை, ஒரு ஆளுக்குக் கொடுப்பது. உங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பா. சட்டத்தில் 'வைத்திருத்தல்' என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை. 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. பொருள் வேறிடத்தில் இருந்தாலும், அது இருப்பது தெரிந்து, அதன்மேல் ஒருவருக்கு அதிகாரமும் கட்டுப்பாடும் இருந்தால் அவர் அதை வைத்திருப்பவர்தான். பூட்டிய பீரோவின் மேல் கட்டுப்பாடு என்றால் வேறென்ன, சாவிதான். அப்பா மதுரையில், துப்பாக்கி உச்சிப்புளியில், சாவி உங்கள் இடுப்பில் என்றால், அந்தப் பத்து நாளும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர் நீங்கள் என்று ஒரு அதிகாரி எழுத இடம் கொடுக்கிறீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை, அபராதம் வேறு. மகன்தானே என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். வாதாடுகிற நிலைக்கு ஏன் போக வேண்டும்?

உரிமத்தில் ரீட்டெய்னர், அதாவது உரிமதாரருக்காகத் துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி பெற்றவர், என்று உங்கள் பெயர் ஏற்றியிருந்தால் கதை வேறு. உரிமப் புத்தகத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். ஏற்றவில்லை என்றால், சட்டம் உங்களுக்குக் கொடுக்கிற இடம் சின்னது. உரிமதாரர் கூடவே இருக்கும்போது, அல்லது அவர் எழுத்தில் கொடுத்த அனுமதியோடு, பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ அவருடைய உபயோகத்துக்காகவோ எடுத்துச் செல்லலாம். மாதக்கணக்கில் காவல் காப்பது அந்த இடத்துக்குள் வராது.

ஆக, சாவி அப்பாவிடம்தான் இருக்க வேண்டும். அவரோ ஞாபகம் இருக்க மாட்டேன் என்கிறது என்று தாமே சொல்லிவிட்டார். அப்படியானால் இப்போதைக்கு உங்கள் வீட்டில் அந்தச் சாவியை வைத்துக்கொள்ளத் தகுந்த ஆள் இல்லை. துப்பாக்கி வீட்டைவிட்டுக் கொஞ்ச காலம் வெளியே இருக்கட்டும் என்பதே என் ஆலோசனை. மதுரைப் பத்து நாளுக்கு மட்டும் இல்லை, உங்கள் பெயரில் உரிமம் வருகிற வரைக்கும். மேலே பீரோவைப் பற்றி இவ்வளவு எழுதினேனே என்றால், அது துப்பாக்கி ஒப்படைக்கிற வரைக்கும், பிறகு உங்கள் பெயருக்குத் திரும்பி வந்த பிறகும் உதவும்.

ஒப்படைக்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று உங்கள் பகுதிக் காவல் நிலையம். இன்னொன்று, பாதுகாப்பில் வைத்துக்கொள்ளவும் சேர்த்து உரிமம் வாங்கிய ஆயுத வணிகர். வணிகர் மாத வாடகை கேட்பார், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார். நிலையத்தில் அந்தப் பராமரிப்பை எதிர்பார்க்காதீர்கள், நீங்களே நன்றாக எண்ணெய் தடவிக் கொடுங்கள். முதலில் போன் செய்து, இன்ன நாள் இத்தனை மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே, ஆபரேஷனுக்கு முந்தின வாரமே, அவரும் நீங்களும் சேர்ந்து போவது நல்லது. துப்பாக்கி பிரித்த நிலையில், முழுக்க மூடிய உறைக்குள் இருக்கட்டும். தோட்டா தனிப் பையில் இருக்கட்டும். உரிமப் புத்தகத்தின் மூலப் பிரதி கையில் இருக்கட்டும். வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்த வேண்டாம். வாங்குகிறவர் தருகிற ரசீதில் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். எண்ணில் ஒரு இலக்கம் மாறிப் போய், திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா போய் ஒரு வருடம் ஆகவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் நழுவுகிறது. கண்ணும் சரியில்லை. நாற்பது ஐம்பது வருடத் துணையை இழந்த ஆண்கள், நம் ஊரில், வாய்விட்டு அழுவதும் இல்லை, சொல்வதும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தோப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது. ஒரு கெட்ட ராத்திரி தானாகக் கடந்து போய்விடும், துப்பாக்கி பக்கத்தில் இருந்தால் கடக்க விடாது. இதை அப்பாவிடம் இப்படியே சொல்லத் தேவையில்லை. 'நீங்க மதுரையில இருக்கும்போது வீட்டுல பிள்ளைங்க இருக்காங்கப்பா' என்றால் போதும், பேரப்பிள்ளைகளுக்காக அவரே எடுத்துக் கொடுப்பார். சாப்பாடு குறைகிறது, தூக்கம் இல்லை, 'இனி எதுக்கு இருக்கணும்' என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலிமானஸ் எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் நேர்வழி. 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி, உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முன்போ, அவர் சொல்கிற வாரிசுக்கு உரிமம் கொடுக்கலாம் என்கிறது. உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே தாண்டிவிட்டது. அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. பட்டணம்காத்தான் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி, காவல்துறை விசாரணை எல்லாம் உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள், சுவரில் பிணைத்த பீரோ அப்போது பேசும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். தென்னை பாகத்தில் இல்லாத சண்டை சில வீடுகளில் துப்பாக்கியில் வரும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிதாக ஆயுத உரிமம் கொடுக்க தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களும் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பிரிவு தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியக் கடல் பூங்கா. இந்தப் பக்கம் சக்கரக்கோட்டைப் பறவைகள் சரணாலயம். உங்கள் தோப்பு இவற்றில் ஒன்றின் பத்து கிலோமீட்டர் எல்லைக்குள் விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

ஒருவேளை மாற்றுவதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், காரியம் முடியட்டும் என்று பதினாறு நாள் காத்திருக்காதீர்கள். உரிமதாரர் இறந்ததும் வீட்டில் அந்தத் துப்பாக்கி இருப்பதற்கான சட்டக் காரணமும் முடிந்துவிடும். தாமதமில்லாமல் ஒப்படைக்கச் சொல்வது ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. ஏற்கெனவே ஒப்படைத்து வைத்திருந்தால் அந்தத் துக்கத்தில் உங்களுக்கு ஒரு அலைச்சல் குறையும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமத்தில் யு.ஐ.என். என்கிற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, கெடு எப்போது முடிகிறது என்று பாருங்கள். இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து ஆள் வரும், வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவது கௌரவம். செப்டம்பர், அக்டோபரில் நம் மாவட்டத்தில் வழக்கமாகத் தடையுத்தரவு இருக்கும். அந்த நாட்களில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கக் கிளம்ப வேண்டாம். மச்சான் மகன் வந்து ஒரு செல்ஃபி என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கல்யாணம், காதுகுத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது இப்போது தனிக் குற்றம், இரண்டு வருடம் சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். தோப்புக்கு வருகிற மானையும் மயிலையும் உரிமத் துப்பாக்கியால் சுட்டாலும் வேட்டைக் குற்றம்தான். காட்டுப்பன்றிக்கும் தமிழ்நாட்டில் 2025இல் வந்த ஏற்பாடு வனத்துறை ஆட்கள் சுடுவதற்குத்தான். விவசாயி சுடுவதற்கு இல்லை. இதை அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தப் பச்சை பூத்த தோட்டாக்கள். பித்தளை லேசாகப் பழுப்பேறினால் அது வயசு. பச்சைப் பொடி படிந்தால், அதுவும் அடிப்பக்கம் நடுவில் இருக்கிற, மருந்துக்குத் தீ வைக்கிற கேப் மூடியைச் சுற்றிப் படிந்தால், ஈரம் உள்ளே போயிருக்கும். காகித ஓடாக இருந்தால் ஊதிப் போய் அறைக்குள்ளேயே இறங்காது. இப்படிப்பட்ட தோட்டா சில சமயம் அரைகுறையாக வெடித்து, மருந்துக்கும் ரவைக்கும் இடையில் இருக்கிற உள்ளடைப்பைக் குழல் நடுவில் விட்டுவிடும். அடுத்த தோட்டாவுக்குக் குளவிக் கூட்டின் கதைதான். பளபளப்பாக்கலாம் என்று எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். எண்ணெய் கேப்புக்குள் கசிந்து நல்ல தோட்டாவையும் கெடுக்கும். பிரித்து மருந்தைக் கொட்டுவது, அடுப்பில் போடுவது, கிணற்றிலோ கடலிலோ வீசுவது எதுவும் வேண்டாம். துப்பாக்கியை ஒப்படைக்கிற அன்றே இதையும் எண்ணிக் கொடுத்து, பயன்படாதது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நம் பக்கத்து மண்ணில் புதைத்தது எதுவும் புதைந்தே இருப்பதில்லை. 2018இல் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது, இலங்கைப் போராட்ட காலத்துத் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி எதுவும் தோப்பில் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 25 வாங்கியது. அப்பா சொல்கிற கணக்கில் அதிகமாகப் பார்த்தாலும் மூன்று சுட்டது. 22 இருக்க வேண்டும். டின்னில் 19. குறைந்தது மூன்று தோட்டா வெளியே எங்கோ இருக்கிறது, வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறது. ரசீதில் 19 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மூன்று கிடைத்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். அதனால் நிலையத்துக்குப் போவதற்கு முன் தேடுங்கள். அப்பாவின் பழைய சட்டைகளின் பைகள், சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கிற பை, தோப்பில் மோட்டார் ரூம் மாடம். பன்றிக்குக் காவல் இருந்தவர் என்றால் நான் முதலில் மோட்டார் ரூமில்தான் பார்ப்பேன்.